அறுபத்தெட்டாம் நம்பர் பெட்டி

பொய் சொல்வது எனக்குச் சரியாக வராது. சின்னப் பொய் என்றால்கூட மூக்கு நுனி வியர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட நான், கல்யாணமான முதல் வருஷத்திலேயே ஒரே பொய்யைப் பத்து நாளுக்கு மேல் இழுத்துக்கொண்டு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அலைந்தேன். கடைசியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில், முப்பது பேர் முன்னால், கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். யார் காரணம் என்று கேட்டால் நான்கு கம்பெனிகளைக் கை காட்டுவேன். அந்த நான்கு பேரையும் கேட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். அந்த வித்தையை நான் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தோரு வயது. லப்பைக்குடிக்காட்டில் வாக்கப்பட்டு வந்து ஐந்து மாதம். அதில் என் மச்சான் ரபீக் (எங்கள் பக்கம் வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னோடு இருந்தது நாற்பத்திரண்டே நாள். லீவு முடிந்து துபாய்க்குப் போய்விட்டார். வீட்டில் மிச்சம் நான், மாமியார், நாத்தனார் சபீரா, மூன்றே பேர்.

மாமி உட்கார்ந்து நான் பார்த்தது தொழுகையில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் நடந்துகொண்டே இருப்பார், திட்டிக்கொண்டே இருப்பார். கோபமெல்லாம் கிடையாது, அவர் பேசுவதே அப்படித்தான். "காபி குடிக்கிறியா"ன்னு கேட்பதைக்கூடப் பக்கத்துத் தெருக்காரர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எதிர்வீட்டு போனுக்கு மச்சான் கூப்பிடுவார். பத்து நிமிஷத்தில் ஒன்பது மாமிக்கு. கடைசி ஒன்று எனக்கு. அந்த ஒரு நிமிஷமும் மாமியின் காது என் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"கார்கோவுல பெட்டி போட்டுட்டேன் பரீதா. நம்பர் அறுபத்தெட்டு. சபீரா நிக்காஹ் புடவை, துணிமணி எல்லாம் உள்ள இருக்கு. நடுவுல ஒரு கேசட்டு வெச்சிருக்கேன். அதை நீ மட்டும் கேளு. அம்மா கையில சிக்கிடக் கூடாது."

"இன்ஷா அல்லாஹ் மச்சான், துஆ செய்ங்க" என்றேன், மாமிக்குக் கேட்கும்படி.

அப்போதெல்லாம் துபாயில் இருப்பவர்கள் பேச நினைத்ததைக் கேசட்டில் பதிந்து அனுப்புவார்கள். எனக்கு வந்த முதல் கேசட் அதுதான். அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஓடினேன். ஐஸ் வண்டிக்கு ஓடினேன். கோலமாவு வண்டிக்கு ஓடினேன். எங்கள் தெருவில் யாரும் கோலமே போடுவதில்லை.

சபீராவின் நிக்காஹுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரம்பலூர் பார்சல் ஆபீஸ் வேன் வந்தது. பெட்டி மழையில் நனைந்து காய்ந்தது போலிருந்தது. ஒட்டியிருந்த விலாசத் தாள் பாதி உரிந்து, மீதி எழுத்து கரைந்து போயிருந்தது. மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதிய நம்பர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது: 68. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

நான் எழுந்து நிற்பதற்குள் மாமி அரிவாள்மணையில் கயிற்றை அறுத்துவிட்டார். உள்ளே எல்லாம் தலைகீழாக இருந்தன. பாட்டில்களெல்லாம் தலையில் நின்றுகொண்டிருந்தன.

"ஒரு பொட்டி ஒழுங்கா அடுக்கத் தெரியுதா பாரு இவனுக்கு" என்று திட்டிக்கொண்டே அள்ளி வெளியே வைத்தார். சோப்பு, பவுடர், போர்வை, டார்ச் லைட், மூட்டுவலித் தைலம், பேரீச்சம்பழம், பால்பவுடர். அப்புறம் ஆறு ஜோடி ரப்பர் கையுறை.

"இது எதுக்குடி?"

"பாத்திரம் கழுவுறதுக்கு இருக்கும் மாமி."

"ஏன், இந்த வூட்டுல யாருக்கும் கை இல்லியா?"

நிக்காஹ் புடவையைக் காணவில்லை. "பின்னாடி இன்னொரு பொட்டி வரும் போல" என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் பதினோரு வீடுகளுக்குச் சோப்பும் பழமும் போய்விட்டன. துபாய்ப் பெட்டி வந்தால் கொடுத்தாக வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம். இந்த அமளியில் நான் போர்வை மடிப்பிலிருந்து கேசட்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, டேப் ரெக்கார்டரைத் தலையணைக்கு அடியில் வைத்துக் காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு போட்டேன்.

"அம்மா, நல்லா இருக்கியா? நான் செல்வராசு பேசுறேன்."

எங்கள் மச்சான் நன்றாக மிமிக்ரி செய்வார். யாரோ மாதிரி பேசி விளையாடுகிறார் என்று நினைத்து, வாயைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் சிரித்தேன். (அதை நினைத்தால் இன்றும் என்னையே ஒரு அறை அறையலாம் போலிருக்கும்.) அந்தக் குரல் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது.

"அப்பாவுக்கு முட்டிக்குத் தைலம் வெச்சிருக்கேன். நீ முந்திரிக்கொட்டை ஒடைக்கிறப்ப அந்தப் பாலு பட்டுக் கையெல்லாம் வெந்து போவுதுன்னு சொன்னியே, ரப்பர் கையுறை வெச்சிருக்கேன். ஊருல சிரிப்பாங்கன்னு பாக்காத. போட்டுக்க."

சிரிப்பு நின்றது. வெளியே கூடத்தில் மாமி முழங்காலில் தைலத்தைத் தேய்த்தபடி, "என் புள்ள அனுப்புனது, தொட்டவுடனே வலி ஓடுது, மாஷா அல்லாஹ்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்வராசின் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது என்றால், எங்கள் பெட்டி எங்கே? அதிலிருக்கும் கேசட்டை இப்போது யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அன்று எனக்குள் ஆரம்பித்த நமைச்சல் இரண்டு வாரத்துக்கு அடங்கவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

"மாமி, பெட்டி மாறிப் போச்சு. இது நம்மளது இல்ல."

"எப்படிச் சொல்ற?"

மூக்கு நுனி வியர்த்தது. "நிக்காஹ் புடவை இல்லியே மாமி. கையுறை வேற..."

மாமி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் தன் முழங்காலைப் பார்த்தார். "யா அல்லாஹ்! அடுத்தவங்க தைலம்டி!" என்று அலறினார்.

அதற்கடுத்த இரண்டு மணி நேரம்தான் என் வாழ்க்கையின் மிகக் கேவலமான இரண்டு மணி நேரம் என்று அப்போது நினைத்தேன். (அவசரப்பட்டு நினைத்துவிட்டேன்.) கொடுத்த பொருளையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்டோம். ஒரு வீட்டில் சோப்பைத் துணியால் துடைத்துத் தந்தார்கள், அதன் மேலிருந்த எழுத்து ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. இன்னொரு வீட்டில் பேரீச்சம்பழம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்விட்டிருந்தது. "கொட்டை இருக்கு, வேணுமா?" என்றார்கள். கிண்டலா நிஜமா என்று தெரியாமல் நான், "வேணாங்க, பரவால்ல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் மாமியும் பெரம்பலூர். மாமி நிக்காஹ் புடவையைத் தேடிக் கிளம்பினார். நான் கேசட்டைத் தேடிக் கிளம்பினேன். என்னோடு அலையப்போகிறவரே அந்தக் கேசட்டைக் கேட்கக் கூடாதவர் என்பதுதான் வேதனை.

பார்சல் ஆபீசில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "பெட்டியத் தொறந்துட்டீங்களா?"

"தொறந்துட்டோங்க."

"தொறந்துட்டா எங்க பொறுப்பு இல்லம்மா."

"தொறக்காம அது எங்க பெட்டி இல்லன்னு எப்படிங்க தெரியும்?"

அவர் யோசித்தார். நியாயம்தான் என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. "நாங்க அரியலூர் குடோன்லேருந்து வர்றதை அப்படியே ஊட்டுக்குக் குடுக்குறவங்க. மாறுனது அங்கதான். அங்க போய்க் கேளுங்க."

அரியலூர் பஸ் ஏறினோம். சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போகும் ரோட்டில் அந்த லாரி கம்பெனியின் குடோன் இருந்தது. மேஜை, நாற்காலி, பேரேடு, குமாஸ்தாவின் புருவம் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகத் தூசி. அவர் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார். பேரேட்டை ஊதினார், அந்தத் தூசி மாமியின் கண்ணுக்குள் போனது.

"எங்களுக்குச் சென்னையிலேருந்து நாப்பத்தோரு பெட்டி வந்துச்சு. நாப்பத்தொண்ணும் போயிருச்சு. கணக்குச் சரியா இருக்கு. இதுல புகார் எங்க இருக்கு?"

"எங்க பெட்டி வரலிங்களே!"

"உங்களுக்கு எத்தனை பெட்டி வரணும்?"

"ஒண்ணு."

"எத்தனை வந்துச்சு?"

"ஒண்ணு. ஆனா..."

"அவ்வளவுதாம்மா."

மாமி ஆரம்பித்தார். குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு அப்படியே நின்றார்கள். குமாஸ்தா கைக்குட்டையைக் கழற்றிவிட்டு, "சரிம்மா, சரிம்மா, எழுதிக்கிறேன்" என்றார். பெட்டிக்குள் என்னென்ன இருந்தது என்று சரிபார்க்க, கார்கோ சீட்டின் நகலைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார். "பட்டுப் புடவை ரெண்டு, சட்டைத் துணி, போர்வை, சென்ட், கேசட் ஒண்ணு..."

"கேசட்டா?" மாமி என் பக்கம் திரும்பினார். "என்ன கேசட்டு?"

மூக்கு வியர்த்தது. நல்லவேளை, அதன் மேல் சிமெண்ட் இருந்தது.

"பயான் கேசட்டு மாமி. துபாய்ல ஒரு மவ்லானா பேசுனதாம். உங்களுக்காக வெச்சிருக்காராம்."

மாமியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "என் புள்ளையா? மார்க்கச் சொற்பொழிவா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (பாதி தூசியால் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.) குமாஸ்தாவிடம், "அதுல நல்ல வார்த்தையெல்லாம் இருக்கு தம்பி, எப்படியாச்சும் கண்டுபுடிச்சுக் குடுத்துருங்க" என்று முதல்முறையாகத் தணிந்த குரலில் கேட்டார்.

குமாஸ்தா உருகவில்லை. "நம்பர் போட்டு ஏத்துறது சென்னை ஏஜென்ட்டு. தப்பு அவங்க மேல. போன் போட்டுக் கேளுங்க."

எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். இரண்டாவது ஆளிடம் கொடுத்தார். அவர் மூன்றாவது ஆளிடம் கொடுத்தார். அவர் சொன்னார், "கஸ்டம்ஸ்லேருந்து எடுத்து விடுறதோட எங்க வேலை முடிஞ்சுதும்மா. நம்பர் போடுறது துபாய் ஆபீஸ். அங்க கேளுங்க."

வெள்ளிக்கிழமை வரும்வரை எப்படிக் கழிந்தது என்று தெரியவில்லை. எதிர்வீட்டு போன் அடிப்பதற்கு முன்பே அங்கே போய் நின்றேன். மாமி தன் ஒன்பது நிமிஷத்தில் எட்டை விட்டுக்கொடுத்தார். "பயானைப் பத்திக் கேளு, எந்த மவ்லானான்னு கேளு" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

"மச்சான், பெட்டி மாறிப் போச்சுன்னு சேதி அனுப்புனோமே. துபாய் ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"நேத்தே போய்க் கேட்டேன். கப்பல்ல ஏத்துறதோட எங்க பொறுப்பு முடிஞ்சுது, ஊட்டுக்குக் குடுக்குறது பெரம்பலூர் ஆபீஸ், அவங்களைக் கேளுங்கங்கறான்."

ஆக, சுற்றி வந்துவிட்டது. பெரம்பலூர் அரியலூரைக் காட்டியது. அரியலூர் சென்னையைக் காட்டியது, சென்னை துபாயை, துபாய் மறுபடி பெரம்பலூரை. கல்யாண வீட்டுப் பந்தியில் தண்ணீர் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வரிசைக்காரரைக் காட்டுவார்களே, அந்த மாதிரி.

"கேசட்டு?" என்றார் மச்சான். குரல் மெலிந்திருந்தது.

"அது கெடைக்கல. மச்சான்... அந்தப் பயான் ரொம்ப நீளமா?"

"எந்தப் பயான்?"

"மவ்லானா பயான். மாமி கேக்குறாங்க. பக்கத்துலதான் நிக்கிறாங்க."

மச்சான் கிசுகிசுத்தார்: "பரீதா, அதுல நான் பாட்டுப் பாடியிருக்கேன். அம்மா மாதிரி பேசி வேற காட்டியிருக்கேன். அம்மா கேட்டா என்னை ஊருக்குள்ள வுட மாட்டாங்க."

"பெரிய மவ்லானாதான் மாமி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அன்று சாயங்காலமே மாமி தெருவில் அறிவித்துவிட்டார். பெட்டி கிடைத்ததும் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு, வீட்டில் உட்கார வைத்து, அந்தப் பயானைப் போட்டுக் காட்டுவாராம். சபீரா டேப் ரெக்கார்டரைத் துடைத்து வைத்தாள். பெட்டி கிடைக்க வேண்டும் என்று ஒரு வேளைத் தொழுகையிலும், கிடைக்கவே கூடாது என்று அடுத்த வேளையிலும் துஆ கேட்டேன். அல்லாஹ் குழம்பியிருப்பான்.

இரண்டாவது தடவை போனபோது பெரம்பலூர்க்காரர் ஒரு புது வழி சொன்னார். "பெட்டியைக் கையோட கொண்டுவாங்க, அப்பதான் ஏதாச்சும் செய்ய முடியும்." மூன்றாவது தடவை பெட்டியைக் கட்டி, பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போனோம். அவர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைத் திரும்பி வாங்கிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா, அரியலூர்ல குடுங்க" என்றார். மறுபடி பஸ் மேலே. மறுபடி சிமெண்ட் ரோடு.

அரியலூர் குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். (மரியாதையால் அல்ல, ஓடுவதற்கு வசதியாக.) "இதை இங்க எறக்க முடியாதும்மா. சென்னை சொல்லணும்." பிறகு அலுத்துக்கொண்டார். "ஆளாளுக்கு என் உசிர எடுக்குறீங்க. முந்தாநாளுகூட ஆண்டிமடம் பக்கத்துலேருந்து ஒரு பெரியவர் வந்து, பெட்டி மாறிப் போச்சுன்னு ஒரே சண்டை."

நான் அவரையே பார்த்தேன். ஆண்டிமடம் பக்கம் முழுக்க முந்திரிக்காடு என்பது எனக்குத் தெரியும்.

"அவருக்கும் பெட்டி மாறுச்சா?"

"ஆமா."

"எங்களுக்கும் மாறியிருக்கு."

"ஆமா."

"அப்ப ரெண்டையும் சேத்துப் பாக்கலாம்ல சார்?"

"அது வேற புகாரும்மா. இது வேற புகாரு. அது வேற பக்கத்துல எழுதியிருக்கேன்."

எழுதியதைக் காட்டுவதற்காகப் பேரேட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். அது அவரைப் பார்த்து இருந்தது. எதிரில் நின்ற எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. முதல் வரியிலேயே எங்கள் நம்பர்.

"இதோ! அறுபத்தெட்டு! எங்க நம்பரு!"

"எண்பத்தொம்பதும்மா அது" என்று அவர் பேரேட்டை என் பக்கம் திருப்பினார். நிஜமாகவே எண்பத்தொன்பது. நான் மறுபடி அவர் பக்கம் திருப்பினேன். அறுபத்தெட்டு. அவரும் கழுத்தை ஒடித்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் பாட்டில்கள் ஏன் தலையில் நின்றன என்று எனக்குப் புரிந்தது. நான்கு கம்பெனிகளில், ஒரு கப்பலில், இரண்டு லாரியில், ஒருவருக்குக்கூடப் பெட்டியை நேராக வைக்கத் தோன்றவில்லை.

"பெட்டியைக் கவுத்தது சென்னையிலதான் இருக்கும்" என்றார் குமாஸ்தா உடனே.

"அந்தப் பெரியவர் விலாசம் குடுங்க சார்."

"அதெல்லாம் குடுக்க முடியாது. சென்னையில அனுமதி வாங்கணும்."

மாமி என் காதருகே குனிந்தார். "தலைகீழா இருந்தாலும் படிப்பியாடி?"

"படிச்சுட்டேன் மாமி."

"வா, போவோம்."

ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் பஸ். பெட்டியை மேலே ஏற்றும்போது மாமி போட்ட அதட்டலில், கண்டக்டர் அதை ஒரு குழந்தையைக் கிடத்துவது போல நேராகக் கிடத்தினார். நான் பஸ் முழுக்கத் திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். போய் இறங்கியதும் முதலில் அந்த வீட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேசட்டைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான். மாமி பெட்டியை இறக்கும் நேரம் போதும்.

போதவில்லை. அந்த வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களையும் பெட்டியையும் பார்த்ததும், வட்டத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "பரீதா... பரீதா வந்திருக்கு..."

நான் இன்னும் என் பெயரைச் சொல்லவில்லை.

ஒரு அம்மா எழுந்து ஓடிவந்தார். விரல்களெல்லாம் கொட்டைப்பால் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. செல்வராசின் தாயார், அஞ்சலை. "வாங்க, வாங்க! எத்தனை தடவை அந்த அரியலூருக்கு அலைஞ்சோம்! ஒரு பாவியும் சொல்லலிங்க. நீங்கதானே பரீதா?" என்று என் கன்னத்தைத் தொட்டார். "எங்க பையன் பேசுவான்னு கேசட்டைப் போட்டோங்க. அக்கம்பக்கமெல்லாம் கூடிருச்சு. உங்க வூட்டுக்காரரு நல்லாப் பாடுறாரு."

மாமி குழம்பினார். "பாடுறாரா? பயான்ல ஏது பாட்டு?"

அஞ்சலை என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் ஒரு தாய்க்குப் புரியாதது எதுவும் இல்லை. சட்டென்று பேச்சை மாற்றி உள்ளே போய், ஒரு வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்த நிக்காஹ் புடவைகளைக் கொண்டுவந்தார். "யாரு வூட்டுக் கல்யாணத் துணியோ, அழுக்குப் படக் கூடாதுன்னு எடுத்து வெச்சிருந்தேன். ஓரத்துல மட்டும் கொஞ்சம் மஞ்ச தொட்டு வெச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மாமி அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "நல்ல மனசோட வெச்சது, இருக்கட்டும்" என்றார். பிறகு நிமிர்ந்தார். "அந்தக் கேசட்டை மட்டும் ஒரு தடவ இங்கயே போடுங்க. நாங்களும் கேக்கலை. நல்ல வார்த்தை, எல்லாருமாக் கேப்போம்."

"டேப்பு ரிப்பேருங்க" என்றார் அஞ்சலை அவசரமாக. அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

"இல்லியே, காலைலகூடப் பாடுச்சே" என்றார் உள்ளேயிருந்து வந்த அவருடைய வீட்டுக்காரர், உதவி செய்யும் சந்தோஷத்தோடு. பட்டனை அமுக்கினார்.

முதலில் பாட்டு. ஏதோ சினிமா மெட்டில் என் பெயரைப் போட்டு, சுதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஓடியது. முற்றத்துப் பெண்கள் இரண்டாவது அடியில் சேர்ந்து பாடினார்கள், மனப்பாடமாகியிருந்தது. அப்புறம் யாரோ, "இனிமேதான் நல்ல இடம்" என்றார்கள்.

"ஏ பரீதா! பால் பொங்குதுடீ! உங்க அத்தா வூட்டுல பால் பொங்குனா கை கட்டி வேடிக்கதான் பாப்பீங்களா!"

அசல் மாமியின் குரல். முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மண்ணைப் பார்த்தேன், அது பிளக்கவில்லை. பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளலாமா என்று நிஜமாகவே ஒரு கணம் யோசித்தேன். மாமி அசையாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கேசட் நிற்கவில்லை. மச்சானின் சொந்தக் குரல் வந்தது.

"சிரிச்சியா? ஆனா பரீதா, இங்க ரூமுல எட்டுப் பேரு இருக்கோம். யாரும் யாரையும் திட்ட மாட்டாங்க. சாப்பிட்டாலும் கேக்க மாட்டாங்க, சாப்பிடலன்னாலும் கேக்க மாட்டாங்க. காலையில எந்திரிச்சா, ஏண்டா எருமைன்னு ஒருத்தராச்சும் கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கு. அம்மா திட்டுறப்ப அவங்களுக்குத் தெரியாம ரெக்கார்டு பண்ணி அனுப்புறியா? அதைக் கேட்டாத்தான் நான் ஊருல இருக்குற மாதிரி இருக்கும்."

சிரிப்பு அடங்கிப் போனது. அஞ்சலை மூக்கை உறிஞ்சினார். அவர் மகனும் அப்படி ஒரு ரூமில்தான் இருந்தான்.

மாமி துப்பட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த அரியலூர் தூசி இன்னும் போவல" என்றார். பிறகு அஞ்சலையிடம் மிகவும் கவலையோடு கேட்டார், "நான் இவ்வளவு நீளமாவா இழுக்குறேன்?"

"எனக்கென்னங்க தெரியும், இப்பதானே உங்களைப் பாக்குறேன்" என்றார் அஞ்சலை. கொஞ்சம் தயங்கினார். "ஆனா வாசல்ல பொட்டி எறக்குனவங்களை ஒரு அதட்டு அதட்டுனீங்க பாருங்க, அப்பவே, அட, நம்ம கேசட்டு அம்மான்னு தெரிஞ்சு போச்சு."

முதலில் சிரித்தது மாமிதான்.

"எங்க செல்வராசு ஒண்ணும் பேசி அனுப்பலீங்களா?" என்று அஞ்சலை கேட்டார். நான் இடுப்பிலிருந்து கேசட்டை எடுத்தேன். மாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. "இதை எப்படி எடுத்தே? எத்தனை நாளா வெச்சிருக்கே?" என் மூக்கு பதில் சொன்னது. ஆனால் அதற்குள் கேசட்டை வாங்கிப் போட்டுவிட்டார்கள், செல்வராசு பேச ஆரம்பித்துவிட்டான். அஞ்சலை மகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே கையுறையை எடுத்து, யார் சிரிப்பார்கள் என்று பார்க்காமல் மாட்டிக்கொண்டார். (அதில் ஒரு ஜோடியைச் சபீரா பாத்திரம் கழுவப் போட்டுப் பார்த்திருந்தாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

திரும்பும் பஸ்ஸில் மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்து, எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தேன். "ஒரு எடமா உக்காரும்மா" என்று கண்டக்டர் திட்டினார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மாமி கேட்டார்:

"அந்த மெஷின்ல ரெக்கார்டு பண்றதுக்கு எந்தப் பட்டனை அமுக்கணும்?"

வீட்டுக்கு வந்து புதுக் கேசட் போட்டு மாமியை எதிரில் உட்கார வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் மாமிக்குத் திட்டு வரவில்லை. "அன்பு மகன் ரபீக்குக்கு அம்மா எழுதிக்கொள்வது" என்று கடிதம் போல ஆரம்பித்தார். மூன்று தடவை முயன்றோம். மூன்று தடவையும் மாமி யாரோ மந்திரி மாதிரிப் பேசினார். கடைசியில் நான் டேப் ரெக்கார்டரை அடுப்படி அலமாரியில் வைத்துப் பட்டனை அமுக்கிவிட்டு, வேண்டுமென்றே பாலைப் பொங்க விட்டேன். கேசட்டின் இரண்டு பக்கமும் திட்டால் நிறைந்துவிட்டது. துபாய் போகிற பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பினோம். கார்கோவில் போடவில்லை. அதைக் கேட்டுவிட்டு ரூமில் எட்டுப் பேரும் எழுந்து நேரத்துக்குச் சாப்பிட்டார்களாம்.

சபீராவின் நிக்காஹுக்கு அஞ்சலை குடும்பத்தோடு வந்தார். அடுத்த மாதம் அரியலூர் குடோனிலிருந்து ஒரு கார்டு வந்தது. தங்கள் முயற்சியால் எங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டதாம். அதே வாரம் சென்னையிலிருந்தும் ஒரு கடிதம். அந்தப் புகார் தங்களைச் சேர்ந்ததே அல்லவாம்.

இப்போது மச்சான் ஊரோடு வந்துவிட்டார். மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது, குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. அவர் உள்ளேயிருந்து ஏதாவது சொல்லி, மச்சான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காதில் விழாதது போல உட்கார்ந்திருந்தால், மாமி வாசல்படி வரைக்கும் வந்து நிற்பார்.

"ஏண்டா எருமை, நான் திட்டுனது உனக்கு வந்து சேந்துச்சா, இல்ல ஆண்டிமடத்துக்குப் போயிருச்சா?"